கொட்டிவாக்கத்து வடை வண்டிக்கு ஓர் இன்வெர்ட்டர்

இந்த முறை நான் சென்னைக்குப் போனது ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுக்க. பேட்டரியில் இருக்கும் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றித் தரும் பெட்டி. அங்கே அதை இன்வெர்ட்டர் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். மலேசியாவில் நான் இருக்கும் கிள்ளானிலும் அதே பெயர்தான். ஆனால் நாங்கள் லோரி என்பதை அவர்கள் லாரி என்கிறார்கள். ஏழு நாளும் நான் லோரி என்று சொன்ன இடத்திலெல்லாம் யாராவது ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

ஆடி இருபத்தேழு, செவ்வாய். விமான நிலையத்துக்கு முரளி வந்திருந்தான். என் சித்தப்பா மகன், என்னைவிட ஏழு மாதம் இளையவன். கிண்டித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். சித்திரையில் அந்தக் கம்பெனியை மூடினார்கள். வைகாசியில் பழைய மினி லாரி ஒன்றை வாங்கினான். ஆனியில் அதற்குக் கூரையும் பக்கவாட்டில் திறக்கும் கதவும் வைத்தான். ஆவணி முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை, கொட்டிவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் அவனும் அவன் மனைவி கோமதியும் வடை சுடப் போகிறார்கள். கண்ணெதிரே உளுந்தை அரைத்து, அப்போதே சுட்டுத் தருவது. அதுதான் அந்த வண்டியின் விசேஷம்.

அந்த யோசனை என்னுடையது. ஒன்பது வருடமாக நான் தொலைபேசியில் அவனிடம் சொல்லிச் சொல்லி வளர்த்த யோசனை. கிள்ளானில் பசார் மாலாமில், அதாவது எங்கள் இரவுச் சந்தையில், இப்படி ஒரு லோரி போட வேண்டும் என்று எத்தனையோ திட்டம் எழுதியிருக்கிறேன். என் மனைவி புஷ்பா, "எழுதி முடிச்சதும் சொல்லுங்க, நான் உளுந்து ஊறப் போடுறேன்" என்பாள். நான் இன்னும் எழுதி முடிக்கவில்லை.

மந்தைவெளியில் அவன் வீட்டருகே ஒரு காலி மனையில் வண்டி நின்றது. கிளிப்பச்சை நிறம். மழைக்கு மடக்கும் தார்ப்பாய், கை கழுவக் குழாய், வடை வைக்கக் கண்ணாடிப் பெட்டி. எல்லாம் நான் சொன்னபடி இருந்தது. சில இடங்களில் நான் சொன்னதைவிட நன்றாகவும் இருந்தது.

"எப்படிண்ணா?" என்றான் முரளி.

"நல்லாயிருக்கு" என்றேன். சொல்லிவிட்டு, ஏதாவது குறை தெரிகிறதா என்று வண்டியை இன்னொரு சுற்று சுற்றி வந்தேன்.

ஆடி இருபத்தெட்டு, புதன். காலையில் வெண்பொங்கலும் கத்திரிக்காய் கொத்சும். கிள்ளானில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு சாப்பிட்டுப் பழகிய வயிறு என்றாலும் இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டேன். சாப்பிட்டபடியே விவரம் கேட்டேன். குடியிருப்புச் சங்கத்தார் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுமதி தந்திருக்கிறார்கள். ஜெனரேட்டர் கூடாது, சத்தமும் புகையும் ஆகாது. அன்று மாலை சரியாக நடந்தால் வாரா வாரம் அந்த இடம் இவர்களுக்கு. நடக்காவிட்டால் மோமோ விற்கும் ஒருவர் காத்திருக்கிறார், அவருக்குப் போய்விடும்.

"அந்த எடம் போச்சுன்னா வேற எடம் கெடையாது மாமா" என்றாள் கோமதி. என்னை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். "ரோட்டோரமா நிறுத்தினா போலீஸு, கார்ப்பரேஷனு. இவரால ஓட முடியாது."

மின்சாதனக் கிடங்கில் இருபத்தெட்டு வருடம் குமாஸ்தாவாக இருந்ததால் என்னை அழைத்திருந்தார்கள். "எனக்கு இந்த வாட்டு, ஆம்பியரெல்லாம் மண்டையில ஏறாதுண்ணா. நீ கணக்குப் போட்டா சரியா இருக்கும்" என்றான் முரளி.

வண்டியில் ஓட வேண்டியவை நான்கு: சாய்த்து மாவு எடுக்கும் பெரிய கிரைண்டர், சட்னிக்கு மிக்சி, சின்னக் குளிர்பெட்டி, விளக்கும் புகை இழுக்கும் விசிறியும். அடுப்புக்குக் கேஸ். கம்பியைக் கவ்விப் பிடித்து மின்னோட்டத்தைக் காட்டும் மீட்டர் ஒன்றைக் கிள்ளானிலிருந்தே எடுத்து வந்திருந்தேன். வீட்டு மின்சாரத்தில் ஒவ்வொன்றாக ஓட்டி அளந்தேன். மோட்டார் உள்ள எதுவும் கிளம்பும் நொடியில் மட்டும் பல மடங்கு இழுக்கும். அதையும் பார்க்க வேண்டும். கிரைண்டரில் உளுந்தைப் போட்டு ஓட்டச் சொன்னேன்.

கோமதி மறுத்துவிட்டாள். "ஆடித் தள்ளுபடியில வாங்கினது மாமா. ஆவணி பொறக்காம இதுல பருப்பு போட மாட்டேன். தண்ணி வேணா ஊத்தி ஓட்டிக்குங்க."

ஆடியில் வாங்கலாம், ஆனால் ஆடியில் தொடங்கக் கூடாது. சென்னையில் பாதிப் பேருக்கு இதுதான் சட்டம் என்று அன்று மாலை தி. நகரில் தெரிந்தது. உஸ்மான் சாலையில் மனிதத் தலைகளைத் தவிர எதுவும் தெரியவில்லை. ஒரு பெரிய கடையின் இரண்டாவது மாடியில் இன்வெர்ட்டர்கள் இருந்தன. எனக்கு முன்னால் ஒரு மயிலாப்பூர் மாமி விற்பனைப் பெண்ணை உலுக்கிக்கொண்டிருந்தார். "நம்மாத்துல ஒரு ஃபேன், ஒரு லைட்டு ஓடினாப் போறும்மா. அவர் என்னடான்னா டீவியும் ஓடணும்னு சொல்லிண்டிருக்கார். கரண்டு போனப்புறமும் நியூஸ் பாத்து என்ன பண்ணப் போறார்?"

அந்தக் கடையில் இருந்தவையெல்லாம் வீட்டில் ஒரு மூலையில் அசையாமல் உட்காரும் பெட்டிகள். வண்டியின் குலுக்கலுக்கு ஆகாது. மலிவாக இருந்தவை சதுர அலை மின்சாரம் தருபவை. விளக்குக்கு அது போதும். கிரைண்டர் மோட்டார் அதில் முனகிக்கொண்டே சூடேறும். நமக்கு வீட்டு மின்சாரம் போலச் சீராக வரும் சைன் அலை வேண்டும் என்று சொல்லிவிட்டு, வெறுங்கையோடு இறங்கி மிளகாய் பஜ்ஜி தின்றோம்.

திரும்பும்போது ஏறிய ஆட்டோ நந்தனத்தில் கேஸ் தீர்ந்து நின்றது. ஓட்டுநர் இறங்கித் தள்ள, நாங்கள் இருவரும் கூடத் தள்ளினோம். எதற்காக வந்தோம் என்று முரளி அவரிடம் சொன்னான்.

"வடைக்குன்னே தனி வண்டியா? ஷோக்கா கீதே நைனா!" என்றார். "இந்த வயசுல துணிஞ்சு எறங்கிக்கினு கீறியே, அத்தான் கெத்து. ஆமா, கூட வர்ற சார் இன்னா பண்றாரு?"

"இவருதான் ஐடியா" என்றான் முரளி பெருமையாக.

"ஐடியாவா?" ஓட்டுநர் என்னை ஒரு முறை பார்த்தார். "ஐடியா எங்கைலயும் நெறய கீது சார்."

முரளி வாய்விட்டுச் சிரித்தான். அவன் யாரிடமும் எதையும் மறைக்காமல், இது அண்ணன் யோசனை என்று தெருவெல்லாம் சொல்கிறான். அவன் திருடியிருந்தால் எனக்குக் கோபப்பட ஒரு வழி இருந்திருக்கும்.

ஆடி இருபத்தொன்பது, வியாழன். காலை ஆறு மணிக்கு எழுந்தபோது சமையலறையில் கோமதி பழைய சின்னக் கிரைண்டரில் உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள். நின்று பார்த்தேன். ஓர் ஈடு அரைப்பதற்குள் மூன்று முறை நிறுத்தினாள். ஓரத்தில் ஒட்டியதை வழித்து உள்ளே தள்ளி, இரண்டு விரலால் மாவைத் தொட்டுப் பார்த்து, துளி தண்ணீர் தெளித்து மறுபடி சுவிட்சைப் போட்டாள். ஒவ்வொரு முறையும் அந்தக் கெட்டி மாவுக்குள்ளிருந்து கல் திணறிக்கொண்டு கிளம்பியது.

"நிறுத்தாம அரைச்சா என்ன?" என்று கேட்டேன்.

"அப்புறம் வடை கல்லாட்டம் இருக்கும். கை வெச்சுப் பாக்காம எப்படித் தெரியும்?"

பத்து மணிக்கு மவுண்ட் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் அன்வர் பாய் கடைக்குப் போனோம். மூன்று தலைமுறையாக அங்கே பேட்டரி, ஒலிபெருக்கி சாமான்கள் விற்கும் குடும்பம். உள்ளே மகனிடம் உருதுவில் பேசினார், எங்களிடம் தமிழில். நாங்கள் உட்கார்வதற்குள் வாசலில் சத்தம் கேட்டது. முரளியின் ஸ்கூட்டரைப் போக்குவரத்துப் போலீஸார் தங்கள் வண்டியில் தூக்கி ஏற்றிவிட்டார்கள். "அண்ணா, நீ பேசிட்டு இரு" என்று கத்திக்கொண்டே அதன் பின்னால் ஓடினான்.

பாய் எனக்குப் பால் இல்லாத டீ, சுலைமானி, வரவழைத்தார். நான் என் அளவுகளைச் சொன்னேன். அவர் அவசரப்படவில்லை. பேட்டரி எத்தனை, பேட்டரியிலிருந்து பெட்டிக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டார். கேபிள் குட்டையாகவும் தடியாகவும் இருக்க வேண்டும் என்றார். மிக்சியும் கிரைண்டரும் ஒரே நேரத்தில் ஓடாது என்றேன். தலையாட்டினார்.

"அப்போ ரெண்டு கேவிஏ பெட்டி தாங்கும்" என்றவர், பேனாவை மூடாமலே கேட்டார். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்தம்மா அரைக்கறப்போ நடுவுல நிறுத்துவாங்களா? காலி டிரம்மு சும்மா கெளம்பிடும் சார். கெட்டி மாவோட திருப்பிப் போட்டா மோட்டார் அப்படியே நின்னு இழுக்கும். ரெண்டு கேவிஏ பெட்டி ட்ரிப் ஆயி நின்னுடும். நிறுத்துவாங்கன்னா மூணரை எடுத்துக்குங்க. வெல வித்தியாசத்தப் பத்திக் கவலப்படாதீங்க, நான் பாத்துப் போட்டுத் தரேன்."

காலையில் பார்த்த மூன்று தடவையும் என் கண் முன்னால் நின்றன.

"நிறுத்த மாட்டாங்க" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. ஆனால் சொன்ன பிறகு யோசிக்க எனக்கு நாற்பது நிமிடம் இருந்தது. அபராதம் கட்டி ஸ்கூட்டரை மீட்டுக்கொண்டு, வியர்வையோடு சிரித்தபடி முரளி வந்து சேரும்வரை அந்த நாற்பது நிமிடமும் நான் சுலைமானி குடித்தேன்.

"முடிஞ்சுதாண்ணா?"

"முடிஞ்சுது. ரெண்டு போதும்" என்றேன்.

பாய் சொன்ன கடையில் பிரியாணி சாப்பிட்டோம். முரளி தன் தட்டிலிருந்த பெரிய கறித் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தான்.

ஆடி முப்பது, வெள்ளி. சுதந்திர தினம். தெருமுனையில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். பாய் அனுப்பிய மெக்கானிக் வந்து வண்டியில் பெட்டியைப் பொருத்தினார். விளக்கு எரிந்தது, குளிர்பெட்டி உறுமியது. கிரைண்டரில் தண்ணீர் ஊற்றிச் சுவிட்சைப் போட்டதும் கல் ஒழுங்காகச் சுற்றியது. முரளி என்னைக் கட்டிக்கொண்டான். கோமதி திருஷ்டிக்குக் கற்பூரம் காட்டினாள். முதலில் வண்டிக்கு, பிறகு எனக்கு.

ஆடி முப்பத்தொன்று, சனி. கோகுலாஷ்டமி. எதிர்வீட்டிலிருந்து சீடையும் தட்டையும் வந்தன. அன்று முழுக்க முரளியிடம் சொல்லிவிட வேண்டும் என்று சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு முறை வாயைத் திறந்தும்விட்டேன். அதற்குள் தட்டு கொண்டுவந்த எதிர்வீட்டுக்காரரிடம் அவன், "எங்க அண்ணன், மலேசியா. இவரு இல்லேன்னா வண்டியே இல்ல" என்றான். நான் வாயை மூடிச் சீடையைக் கடித்தேன்.

மாலையில் தனியாக லஸ் வரை நடந்தேன். மெட்ரோ வேலைக்காக அடைத்த தகரங்களுக்கு நடுவே வழி தேடி நடக்கவே கவனம் சரியாக இருந்தது. ஒருவேளை மோட்டார் தாங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாங்கிவிட்டால் நான் சொன்னது பொய்யாகாது. தாங்காவிட்டால் அந்தக் கிளிப்பச்சை வண்டி, ஒரே ஒரு மாலையாவது, காகிதத்திலேயே நிற்கும் என் லோரியைப் போலவே ஓடாமல் நிற்கும். அந்த இரண்டாவது எண்ணத்தை நான் வெறுத்தேன் என்று எழுத ஆசைதான். லஸ் முனை வரும்வரை அதை வாயில் போட்ட மிட்டாய் போல் உருட்டிக்கொண்டுதான் நடந்தேன்.

ஆவணி ஒன்று, ஞாயிறு. மாலை ஐந்து மணிக்குக் கொட்டிவாக்கத்தில் கதவைத் திறந்தோம். கடற்காற்று. குடியிருப்பின் வாசலில் முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். சங்கத்துச் செயலாளர் தன் பேரனுடன் முதல் ஆளாக நின்றார். கோமதி ஊறிய உளுந்தைப் போட்டாள். கல் சுற்றியது. குழந்தைகள் எட்டிப் பார்த்தார்கள். பதினைந்து நிமிடத்தில் மாவு பொங்கி வந்ததும் நிறுத்தி, வழித்து, தொட்டுப் பார்த்து, தண்ணீர் தெளித்து, சுவிட்சைப் போட்டாள்.

மோட்டார் ஒரு முறை முனகியது. பெட்டி கீச்சிட்டது. விளக்கு, விசிறி, குளிர்பெட்டி எல்லாம் ஒன்றாக நின்றன.

மறுபடி போட்டாள். மறுபடியும் அதே.

"இன்னா சார், வடை உண்டா இல்லியா? மோமோக்காரருக்குப் போன் போட்டுக்கட்டா?" என்று வரிசையில் ஒருவர் கேட்க, சிலர் சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

முரளி பாய்க்குப் போன் போட்டான். எண்ணெய்க் கையோடு பிடிக்க முடியாமல் ஸ்பீக்கரில் வைத்தான். "என்ன பாய், நம்பி வந்ததுக்கு இப்படித் தலையில கட்டிட்டீங்க?"

பாயின் குரல் நிதானமாக வந்தது. "மாவோட நடுவுல நிறுத்தினாங்களா? அன்னிக்கே கேட்டேனே சார். அண்ணன் இல்லேன்னாரு. பாவம், தெரியாம சொல்லியிருப்பாரு."

"எங்கண்ணனுக்குத் தெரியாததா? அவரு வாட்டு வாட்டா அளந்தவரு. நீங்க கேட்டிருக்கவே மாட்டீங்க பாய். வித்தா போதும்னு வித்துட்டு இப்ப கதை சொல்றீங்க." முரளியின் கழுத்து நரம்பு புடைத்தது. அவன் யாரையும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

நான் போனை எடுத்தேன். "அவர் கேட்டார், முரளி. மூணரை எடுக்கணும்னும் சொன்னார். கோமதி நிறுத்துறதை அன்னைக்குக் காலையிலதான் பார்த்திருந்தேன். தெரிஞ்சேதான் இல்லைன்னு சொன்னேன். உன் வண்டி ஓடறதைப் பார்க்க எனக்குப் பொறுக்கல."

முரளி என்னைப் பார்த்தான். அந்த முகத்தை இங்கே விவரிக்கப் போவதில்லை.

முதலில் பேசியவள் கோமதி. முழங்கை வரை மாவு. "வெளியில நாப்பது பேரு நிக்கறாங்க. அழறதுன்னாலும் அடிச்சுக்கறதுன்னாலும் அப்புறம் வெச்சுக்கலாம். வெறும் தண்ணியில அன்னிக்குக் கல்லு சுத்துச்சுதானே மாமா, மாவு இல்லேன்னா இப்பவும் சுத்தும். கையக் கழுவிட்டு வந்து மாவை அள்ளுங்க."

அள்ளினேன். டிரம்மைக் காலி செய்து பெட்டியைத் திருப்பி உயிர்ப்பித்ததும் வெறுங்கல் சுற்றியது. சுற்றும் கல்லுக்குப் பக்கத்தில் மாவைப் பிடி பிடியாக விட்டேன். அவள் நிறுத்தச் சொல்லும்போதெல்லாம் முழு மாவையும் வெளியே அள்ளி, மறுபடி பிடி பிடியாக உள்ளே விட வேண்டும். இரண்டரை மணி நேரம் அதைச் செய்தேன். வடை தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. செயலாளர் நான்கு சாப்பிட்டார். போகும்போது, "அடுத்த வாரம் கரண்டை மட்டும் சரி பண்ணிட்டு வாங்க" என்றார்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒன்பது வருடத்தில் நான் ஒரு வடை லோரிக்குள் நின்று வேலை செய்தது அந்த இரண்டரை மணி நேரம்தான். முதுகு ஒடிந்தது. இறங்க மனமில்லை.

திரும்பும் வழியில் முரளி ஒன்றுதான் சொன்னான். "எனக்கு லாரி ஓட்டத் தெரியும், அவளுக்கு வடை சுடத் தெரியும். உனக்குத் தெரிஞ்சத மட்டுந்தாண்ணா உங்கிட்ட கேட்டேன்."

ஆவணி இரண்டு, திங்கள். காலையில் முரளி வண்டியிலிருந்து கழற்றிக் கொடுத்த பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நான் மட்டும் பாய் கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் இல்லை என்று எடுத்துக்கொண்டு, பெரியதை இறக்கினார். "வெல கம்மியாவும்னு பொய் சொல்றவங்களத் தெனம் பாக்கறேன் சார். இந்த மாதிரி ஒண்ணு இதான் மொத தடவ" என்றார். சுலைமானி வரவழைக்கவில்லை.

மதியத்துக்குள் மெக்கானிக் பொருத்திவிட்டார். கோமதி டிரம் நிறைய உளுந்து போட்டு, நடுவில் வேண்டுமென்றே நிறுத்தி, கெட்டி மாவோடு சுவிட்சைத் தட்டினாள். பெட்டி இந்த முறை கீச்சிடவில்லை. கல் கிளம்பிவிட்டது. முரளி கை தட்டினான். என் பக்கம் திரும்பி, தட்டிய கையைத் தொங்கவிட்டான்.

சாயங்காலம் விமான நிலையத்தில் என் பையை அவன்தான் இறக்கினான். "போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடு" என்றான். அண்ணா என்று சொல்லவில்லை.

சென்னையில் மாலை ஐந்து என்றால் கிள்ளானில் ஏழரை. வரும் ஞாயிறு ஏழரைக்கு நான் எங்கே இருப்பேன் என்று இப்போதே தெரியும்: எங்கள் வீட்டு ஜன்னலோரம், ஆறிப்போன தே தாரிக் டீயோடு. கோமதி கல்லை நிறுத்தி, மாவைத் தொட்டுப் பார்த்து, சுவிட்சில் கை வைக்கும் நேரம் அது. கல் ஓட வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்வேன், மனதார. அது ஓடும். அது நிச்சயமாக ஓடும் என்று தெரிந்துகொண்டே அந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதற்குத்தான் எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.